சம்பளம் பெறும் நடுவர்: கட்டட ஒப்பந்தங்களில் பொறியாளரின் இரட்டை நிலை

பாலமோ மாளிகையோ எழும்புவதற்கு முன்னர் எழுதப்படும் ஒப்பந்தப் பத்திரத்தில் கட்சிக்காரர் இருவரே: பணம் கொடுக்கும் உரிமையாளர் ஒருவர், வேலையை முடித்துத் தருவதாக ஏற்கும் ஒப்பந்தக்காரர் மற்றவர். ஆயினும் அதன் நிபந்தனைகளைப் புரட்டிப் பார்ப்பவர், அவ்விருவரைக் காட்டிலும் அடிக்கடி பேசப்படுபவர் அதில் கட்சியாகக் கையெழுத்தே இடாத பொறியாளர்தான் என்பதைக் காண்பார். வரைபடத்தின் பொருளை விளக்குவதும், வேலையின் தரத்தை நிர்ணயிப்பதும், அளவைக் கணக்கிட்டுப் பணத்துக்குச் சான்று வழங்குவதும், காலநீட்டிப்பு அளிப்பதும் அவருடைய அதிகாரங்கள். அவரை நியமித்து ஊதியம் கொடுப்பவரோ உரிமையாளர். ஒரு கட்சியின் ஊழியர் இரு கட்சிக்கும் மத்தியஸ்தராக அமரும் இந்த விசித்திர ஏற்பாடு எவ்வாறு தோன்றி, எங்ஙனம் வேரூன்றி, எங்கே தளர்ந்தது என்பதே இங்கு ஆராயப்படுவது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீடு கட்ட விரும்பியவர் கல்தச்சர், கொத்தர், மரத்தச்சர், பூச்சுவேலைக்காரர் என ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசி, முடிந்த வேலையை அளந்து பணம் கொடுப்பதே பெருவழக்காக இருந்தது. 1815-ஆம் ஆண்டை ஒட்டி லண்டனில் தாமஸ் கியூபிட் என்பவர் எல்லாத் தொழிலாளரையும் தம்மிடமே நிரந்தரமாக அமர்த்திக்கொண்டு முழுக் கட்டடத்தையும் ஒரே பொறுப்பில் ஏற்கத் தொடங்கியபோது, அவ்வழக்கம் மாறலாயிற்று. விலையை முன்கூட்டியே பேசுவதாயின் கட்டப்போவது இன்னதென்பதும் முன்கூட்டியே காகிதத்தில் நின்றாக வேண்டுமாதலால், வரைபடமும் தரத்தைச் சொல்லும் விவரக்குறிப்பும் அளவுப்பட்டியலும் நிபந்தனைகளும் ஒன்றாகக் கோக்கப்பட்டன. இவற்றுள் அளவுப்பட்டியல் பிறந்த வரலாறு சுவையானது. போட்டிக்கு வந்த ஒப்பந்தக்காரர்கள் ஒரே வரைபடத்தை ஆளுக்கொரு முறை அளந்து காலத்தை வீணாக்குவானேன் என்று தாமே கூடி ஓர் அளவையாளரை அமர்த்தினர். பின்னர் அவரே உரிமையாளரின் ஊதியத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பேசிய விலைக்குள் ஒப்பந்தக்காரர் வேலையைக் குறைக்கப் பார்ப்பார் என்ற அச்சம் காவலுக்கு ஒருவரை வேண்டிற்று. அக்காவலராக வந்த பொறியாளரே நாளடைவில் நீதிபதியும் ஆனார்.

இவ்விரட்டை நிலை முதன்முதலில் வெளிச்சத்துக்கு வந்த வழக்குகளுள் தலையாயது, வில்லியம் ரேஞ்சர் என்னும் ஒப்பந்தக்காரர் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனியின்மீது தொடுத்தது. பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையே சுரங்கப்பாதைகளைக் குடைய ஏற்ற அவர், சோதனைக் குழிகள் காட்டியதைவிடப் பாறை மிகக் கடினமாக இருந்ததென்று முறையிட்டார். வேலை தாமதமாயிற்றென்று கம்பெனியோ 1838-இல் அவரை விலக்கி, களத்திலிருந்த அவருடைய தளவாடங்களையும் தன் வசப்படுத்திக்கொண்டது. அளவையும் தரத்தையும் தீர்மானித்த பொறியாளர் புகழ்பெற்ற புருனெல். அவர் அக்கம்பெனியிலேயே பங்குதாரர் என்பது தமக்குத் தெரியாதென்றும், தன் லாபத்தைத் தானே நிறுப்பவர் தராசைப் பிடிக்கலாகாதென்றும் ரேஞ்சர் வாதித்தார். ஆண்டுக்கணக்கில் நீடித்த இவ்விவகாரம் 1854-இல் பிரபுக்கள் சபையில் முடிவுற்றபோது, பொறியாளர் கம்பெனியின் ஆள் என்பதை அறிந்தே ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்டார்; பொறியாளர் வெறும் நடுவர் அல்லர், ஒருவகையில் கம்பெனியேதான்; ஆகவே அவர் பங்கு வைத்திருந்தது புதிதாக எதையும் கெடுத்துவிடவில்லை என்று தீர்ப்பாயிற்று. என் அபிப்பிராயத்தில் இத்தீர்ப்பு நேர்மையானது, ஆனால் பாதி நேர்மையானது. பொறியாளர் கம்பெனியின் ஆளே என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அவருடைய முடிவு இறுதியானது என்ற ஷரத்தை மட்டும் கைவைக்காமல் விட்டது.

அந்த இறுதித்தன்மைக்கும் ஓர் எல்லை உண்டென்பது 1913-இல் வெளிப்பட்டது. ஹிக்மன் வழக்கில், ஒப்பந்தக்காரர் தமக்குரிய சான்றைக் கேட்டபோது, பொறியாளரின் இடத்தில் இருந்த கட்டடக்கலைஞர் விடுத்த கடிதமே அவருக்கு வினையாயிற்று: தம் சொந்த எண்ணம் எதுவாயினும் உரிமையாளர்கள் தடுத்திருப்பதால் தம்மால் சான்று தர இயலாதென்றும், அவர்களையே போய்ப் பார்க்குமாறும் அதில் எழுதிவிட்டார்! அப்படிப்பட்டவரின் சான்று ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்தாதென்று பிரபுக்கள் சபை விதித்தது. வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் தப்பியிருப்பார் போலும்.

இந்தியாவுக்கு வந்தபோது இவ்வேற்பாடு மேலும் இறுகியது. இங்கிலாந்தின் பொறியாளர் பெயரளவிலேனும் சுதந்திரமாகத் தொழில் நடத்துபவர். டல்ஹௌஸி காலத்தில், 1854-55-இல், மராமத்து இலாகா உருப்பெற்ற பின்னரோ, உரிமையாளரும் பொறியாளரும் ஒரே சர்க்காரின் இரு கைகளாயினர். 1892-இல் திறக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தை எடுத்துக்கொண்டால், பிராசிங்டன் என்பவரின் வரைவைத் திருத்திப் பணியை நடத்திய ஹென்றி இர்வின் சர்க்காரின் ஆலோசகக் கட்டடக்கலைஞர். கட்டி முடித்த நம்பெருமாள் செட்டியாரோ தனி ஒப்பந்தக்காரர். இலாகாவில் பொறியாளரின் அதிகாரம் குடிகொண்டிருந்த இடம் ‘எம்.புக்’ என்று எல்லோரும் சொல்லும் அளவுப்புத்தகம். பக்கந்தோறும் எண் அச்சிட்ட அப்புத்தகத்தில், எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் அல்லது ஆழம், கன அளவு எனப் பத்திபத்தியாக மையினால் எழுத வேண்டும். தவறினால் சுரண்டலாகாது, குறுக்கே கோடிட்டு அருகில் சுருக்கொப்பம் இட வேண்டும். கீழதிகாரி பதிந்ததை மேலதிகாரி மறுமுறை அளந்து சரிபார்க்க, ஒப்பந்தக்காரர் ஏற்றதாகக் கையெழுத்திட வேண்டும். மண்வேலையில் ஆழத்தைக் காட்டுவதற்காகக் குழியின் நடுவே வெட்டாமல் விட்டு வைக்கும் மண்திட்டு, பட்டியல் பாஸானதும் கரைந்துபோகும். அஸ்திவாரக் கான்கிரீட்டும் கம்பியும் மூடப்பட்டபின் மறுபடி காணக் கிடையா. அதன் பின்னர் எந்த மன்றத்தில் எந்த வழக்குரைஞர் வாதாடினும், உண்மை என்பது எம்.புக்கில் எழுதப்பட்டதுதான், அதை எழுதிய பேனா உரிமையாளரின் சம்பளப்பட்டியலில் இருந்தது.

தகராறு மூண்டால் அதைத் தீர்க்க வேண்டியவரும் அதே இலாகாவின் கண்காணிப்புப் பொறியாளர் என்று பல ஒப்பந்தங்கள் எழுதின. தமிழ்நாட்டுச் சர்க்காரின் இத்தகைய ஷரத்தை ஓர் ஒப்பந்தக்காரர் ஆட்சேபித்தபோது, 1988-இல் உச்ச நீதிமன்றம், தெரிந்தே ஒப்பியவர், மத்தியஸ்தர் சர்க்காரின் ஊழியர் என்ற ஒரே காரணத்தால் பின்வாங்கலாகாது என்று கூறிற்று. ரேஞ்சருக்குக் கிடைத்த அதே பதில், நூற்று முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின். வெளிநாட்டிலோ இதற்குள் எண்ணம் மாறிக்கொண்டிருந்தது. சான்று வழங்கும் கட்டடக்கலைஞர் நடுவர் அல்லர், கவனக்குறைவுக்கு நஷ்டஈடு தர வேண்டியவரே என்று பிரபுக்கள் சபை 1974-இல் தீர்த்தது. சர்வதேச ஆலோசகப் பொறியாளர் சம்மேளனமாகிய ஃபிடிக், 1957-இல் வெளியிட்ட தன் மாதிரி ஒப்பந்தத்தை 1999-இல் மாற்றி எழுதியபோது, பொறியாளர் உரிமையாளருக்காகவே செயற்படுபவர் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தகராறுகளைத் தனிக் குழுவிடம் ஒப்படைத்தது. 2017 பதிப்பிலோ, உரிமைக்கோரிக்கைகளைத் தீர்மானிக்கும் வேளையில் மட்டும் அவர் நடுநிலையில் நிற்க வேண்டுமென்ற விதி திரும்பவும் புகுந்தது. விரட்டிய கடமையைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் 1996-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டத்துக்கு 2015-இல் வந்த திருத்தம், கட்சிக்காரரின் ஊழியர் மத்தியஸ்தராக அமர்வதைத் தடுத்தது. தகராறு எழுந்த பின்னர் இரு தரப்பும் எழுத்தில் இசைந்தால் மட்டுமே அத்தடை நீங்கும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு, பொது நிறுவனம் தானாகவே மத்தியஸ்தரை நியமிக்கும் ஷரத்து சமத்துவத்துக்கு முரணென்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. இவையெல்லாம் தகராறு முற்றிய பிறகு அமரும் நாற்காலியைப் பற்றியவை. தகராறுக்கு மூலமான அளவும் தரமும் இன்றும் இலாகாப் பொறியாளரின் கையெழுத்தில்தான் பிறக்கின்றன. அந்தக் கையெழுத்தைச் சட்டத்தின் எந்தத் திருத்தமும் இதுவரை தொடவில்லை.