சீரான வேகத்தில் திக்கும் பிக்கப் இன்ஜின்

பாரம் ஏற்றிய பிக்கப் வண்டி சமதளச் சாலையில் 50, 60 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் ஆக்சிலேட்டரில் வைத்த காலை அசைக்கவில்லை. அப்படியிருந்தும் இன்ஜின் விட்டுவிட்டு இழுக்கிறது, வண்டி முன்னும் பின்னும் வெட்டுகிறது. சேலம், நாமக்கல் பட்டறைகளில் ‘மிஸ் ஆகிறது’, ‘ஜெர்க் அடிக்கிறது’ என்று சொல்லப்படும் கோளாறு இதுதான்.

நாமக்கல் முட்டையும் சேலம் வட்டார மரவள்ளிக் கிழங்கும் ஊருக்குள் பெரும்பாலும் பிக்கப்பில்தான் போகின்றன. 2005இல் டாடா ஏஸும் 2011இல் அசோக் லேலண்ட் தோஸ்தும் வந்தன. பாரம் கூடுதலாக ஏற்றுபவர்கள் மகேந்திரா பொலேரோ பிக்கப்பை நாடுகிறார்கள். சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்ட முடியும். நகரத்து நெரிசலில் தெரியாத திக்கல் இங்கே பளிச்சென்று தெரிந்துவிடும்.

மெக்கானிக் முதலில் கேட்க வேண்டியது, மேட்டில் வண்டி எப்படி ஏறுகிறது என்பதை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தயங்காமல் ஏறிய வண்டி, காரவள்ளிக்கு இறங்கிச் சமதளம் பிடித்ததும் திக்குகிறது என்றால் டீசல் வரத்தில் பெரிய குறை இருக்க வாய்ப்பில்லை. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு, முழு பாரத்தில் மூடியும் பாதி ஆக்சிலேட்டரில் திறந்தும் வேலை செய்வது. கரி படிந்து ஒட்டிக்கொண்ட வால்வு சமதளத்தில்தான் தொல்லை தரும். காமன் ரெயில் பம்பில் டீசலை அளந்து விடும் வால்வும் அப்படித்தான். சீரான ஓட்டத்தில் அது நூலளவு திறந்து மூட வேண்டும். சற்றே இறுகினாலும் ரெயில் அழுத்தம் ஏறி இறங்கி, அந்த ஏற்ற இறக்கம் வெட்டாக வெளிப்படும்.

சமதளத்தில் லேசாகத் திக்கிவிட்டு மேட்டில் அடியோடு இழுவை போனால், இன்ஜினுக்கு டீசல் போதவில்லை என்று பொருள். இங்கே டேங்க்கிலிருந்து தொடங்கி முன்னோக்கிப் போக வேண்டும். எடுத்த எடுப்பில் பம்பையும் நாசிலையும் கழற்றுவது வண்டிக்காரரின் காசுக்குச் செய்யும் அநியாயம். டேங்க் மூடியின் காற்றுத் துளை புழுதியில் அடைபட்டிருந்தால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்பின் உறிஞ்சலை எதிர்க்கும். கொஞ்ச தூரம் நன்றாக ஓடிய பிறகே திக்கல் ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஓரங்கட்டி மூடியைத் திறந்தால் ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே இழுக்கும், வண்டியும் மறுபடி ஒழுங்காக ஓடும். அடுத்தது டீசல் பில்டர். அடியிலுள்ள திருகைத் தளர்த்திக் கண்ணாடி டம்ளரில் பிடித்துச் சற்று வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும்.

ஏர் எடுப்பதைப் பிடிப்பது இவற்றைவிடக் கடினம். டேங்க்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் டீசல் உறிஞ்சப்பட்டு வருவதால், அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் சொட்டாது, காற்று உள்ளே போகும். வெளியே ஈரமே இல்லை என்பதற்காகக் குழாய் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. பில்டருக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி ஓஸைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டால் குமிழ்கள் கண்ணுக்குத் தெரியும். வெடித்த ரப்பர், தளர்ந்த கிளிப், பில்டர் மாற்றியபோது சரியாக உட்காராத வாஷர் ஆகியவையே பெரும்பாலும் காரணம்.

மின்சாரப் பக்கத்தில் ஆக்சிலேட்டர் பெடல் சென்சாரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உராயும் தடம் கொண்ட சென்சார்களில், ஒரே வேகத்தில் ஓட்டுபவரின் கால் நாள்தோறும் நிற்கும் அதே இடத்தில் தடம் தேய்ந்துவிடும். வண்டி நிற்கும்போது பெடலை மெல்ல அழுத்தி, ஸ்கேனரில் எண் சீராக ஏறுகிறதா என்று பார்த்தால் தெரியும். பாடி கட்டும்போது போல்ட்டில் உரசிய ஒயர், துருப்பிடித்த எர்த் ஆகியவற்றையும் விடக் கூடாது. ஓடும்போது இன்ஜின் கணினி கேட்கும் ரெயில் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் ஸ்கேனரில் ஒப்பிட்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். மீதிக்கு, இன்ஜெக்டர்களின் ரிட்டன் குழாய்களை ஒரே அளவுப் பாட்டில்களில் விட்டுப் பார்க்கலாம். மற்றவற்றைவிட வேகமாக நிரம்புவது தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில்.

பழைய பம்பு வண்டிகளில் ஓடும் இன்ஜினின் நாசில் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ் என்று கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயிலில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. உள்ளே இருப்பது ஆயிரம் பாரைத் தாண்டக்கூடிய அழுத்தம். ஊசி போல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் பரவும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், ஆனாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போயாக வேண்டிய காயம் அது.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள பி.எஸ்.6 விதிப்படி வந்த டீசல் வண்டிகளில், புகைக்குழாய் வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் நேரத்தில் இன்ஜின் சத்தம் சற்று மாறலாம். அது கோளாறு ஆகாது. பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளில் ஸ்பார்க் பிளக்கும் காயிலும் முதல் சந்தேகத்துக்கு உரியவை. மெல்லிய கலவையைப் பற்றவைக்கப் பலமான பொறி தேவை, சி.என்.ஜி.க்கு இன்னும் கூடுதலாக.

வேலை முடிந்ததும் வெறும் வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துச் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது. திக்கல் வந்த அதே சாலையில், அதே பாரத்துடன், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும்.