பேட்டரி இறங்கிய பின் இன்ஜின் உதறுகிறதா? பாகத்தை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

நடவு, அறுவடை என்று வயலில் வேலை குவியும் நாட்களில் காரையோ சிறிய சரக்கு வண்டியையோ இரண்டு மூன்று வாரம் எடுக்காமல் விட்டுவிடுகிறோம். பிறகு ஒரு விடியற்காலை காய்கறி மூட்டைகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால், 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. டிராக்டர் பேட்டரியில் இருந்து கேபிள் போட்டு ஒருவழியாக ஸ்டார்ட் செய்தால் அடுத்த தொல்லை தொடங்குகிறது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் இன்ஜின் உதறுகிறது. சில நேரம் நின்றே விடுகிறது.

இந்த நிலையில் இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிடுகிறோம். பெரும்பாலும் அது தேவைப்படாது. கீழே உள்ள வரிசைப்படி சோதித்தால் செலவில்லாமலோ குறைந்த செலவிலோ சரிசெய்யலாம். இது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் பெட்ரோல் வண்டிகளுக்கானது. டீசல் வண்டிக்கும் பழைய கார்புரேட்டர் வண்டிக்கும் பொருந்தாது.

ஏன் இப்படி ஆகிறது?

இன்ஜினுக்குள் செல்லும் காற்றின் அளவைத் 'த்ராட்டில் பாடி' என்ற பாகம் கட்டுப்படுத்துகிறது. ஓட ஓட அதன் ஓரங்களில் கரி படியும். அதனால் குறையும் காற்றை ஈடுகட்ட, வண்டியின் கம்ப்யூட்டர் வழியைச் சிறிது கூடுதலாகத் திறந்து, அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளும். பல வண்டிகளில் பேட்டரி முழுவதும் இறங்கினால் இந்த நினைவு அழிந்துவிடும்.

வாய்க்காலில் வண்டல் சேர்ந்தால் மடையைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து சமாளிப்போம். அது தெரியாத புது ஆள் பழைய அளவிலேயே மடையைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போதாது. இங்கும் அதுதான் நடக்கிறது. அதாவது, பேட்டரி புதிதாக எதையும் கெடுக்கவில்லை; ஏற்கெனவே இருந்த அழுக்கைக் காட்டிக்கொடுத்தது.

சோதிக்கும் வரிசை

1. பேட்டரியின் வோல்ட்: வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரால் அளக்கவும். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. முழுவதும் இறங்கிய பேட்டரி அரை மணி நேர ஓட்டத்தில் நிறையாது. பேட்டரி கடையில் கொடுத்து மெதுவாக முழு சார்ஜ் ஏற்றவும். அதன் பிறகும் நிற்கவில்லை என்றால்தான் புது பேட்டரி.

2. டெர்மினல்: வெள்ளை அல்லது பச்சை நிறத்தில் பூத்திருந்தால் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்ற வரிசையில் கழற்றவும். சமையல் சோடா கலந்த நீரால் துடைத்து, உலர்த்தி, பாசிட்டிவை முதலில் மாட்டி இறுக்கவும். டெர்மினல் கையால் அசைந்தாலே இன்ஜின் உதறலாம்.

3. ஆல்டர்னேட்டர்: இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் சரியாக ஏறவில்லை. பேட்டரி மீண்டும் இறங்கும்.

4. காற்றுக் குழாய்: பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது அருகில் உள்ள குழாய் தளர்ந்திருக்கலாம். கொட்டகையில் நின்ற வண்டி என்றால் எலி கடித்திருக்கலாம். 'உஸ்' என்ற சத்தம் வருகிறதா என்று கேட்கவும். வயர்களையும் பார்க்கவும்.

5. கம்ப்யூட்டருக்கு மீண்டும் பழக்குதல்: ஏசி, விளக்கு, பாட்டுப் பெட்டி அனைத்தையும் அணைத்து, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யவும். இன்ஜின் வழக்கமான சூட்டுக்கு வந்த பின் ஆக்சிலேட்டரைத் தொடாமல் 10 நிமிடம் ஓடவிடவும். ஏசி இருந்தால் அதைப் போட்டு மேலும் 5 நிமிடம் விடவும். பிறகு வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் 20 கிலோமீட்டர் ஓட்டவும். பல வண்டிகளில் உதறல் இதிலேயே அடங்கிவிடும். சில வண்டிகளுக்குத் தனி முறை உண்டு. வண்டியுடன் தந்த கையேட்டைப் பார்க்கவும். மூடிய கொட்டகைக்குள் இதைச் செய்யவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

6. த்ராட்டில் பாடி சுத்தம்: இதற்குப் பிறகும் உதறினால், மெக்கானிக்கிடம் 'த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, ஸ்கேனர் போட்டு ஐடிலிங்கைச் செட் செய்யுங்கள்' என்று கேளுங்கள். உள்ளே உள்ள தகட்டை விரலால் அழுத்தித் திருப்பினால் அதன் மோட்டார் கெடலாம்.

இன்னும் உதறுகிறதா? அப்போதுதான் ஸ்பார்க் பிளக், காயில், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும். மாற்றும் முன் ஸ்கேனர் என்ன கோளாறு காட்டுகிறது என்று கேட்டுக்கொள்ளவும். மீட்டரில் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். தொடர்ந்து ஓட்டினால் சைலன்சர் பாதையில் உள்ள விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பழுதாகும்.

செய்யக் கூடாதவை

• இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றி 'டைனமோ வேலை செய்கிறதா' என்று பார்ப்பது பழைய டிராக்டர் பழக்கம். இப்போதைய வண்டியில் வோல்ட் திடீரென எகிறி கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம்.

• 24 வோல்ட் லாரியில் இருந்து கேபிள் போடக் கூடாது. 12 வோல்ட் டிராக்டர் என்றால் போடலாம். இணைக்கும்போது இரண்டு இன்ஜினும் அணைந்திருக்க வேண்டும். முதலில் சிவப்புக் கேபிளால் இரண்டு பாசிட்டிவையும் இணைக்கவும். கறுப்புக் கேபிளின் ஒரு முனையை டிராக்டர் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையைப் பேட்டரிக்குச் சற்றுத் தள்ளி உங்கள் இன்ஜினின் இரும்புப் பகுதியில் கடைசியாக மாட்டவும்.

• பேட்டரி அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கக் கூடியது.

• முழுவதும் இறங்கிய நிலையில் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் இல்லாமல் இன்ஜின் பிடிக்காது.

வருமுன் காக்க

வாரம் ஒருமுறையாவது வண்டியை அரை மணி நேரம் ஓட்டவும். ஸ்டார்ட் செய்து அங்கேயே ஐந்து நிமிடம் வைத்து அணைப்பதால், செலவான சார்ஜ்கூடத் திரும்பாது. ஒரு மாதத்துக்கு மேல் எடுக்க மாட்டீர்கள் என்றால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைக்கலாம். அப்படிச் செய்தாலும் நினைவு அழியும் என்பதால், மீண்டும் எடுக்கும்போது 5-ஆம் படியைச் செய்யவும். சந்தைக்குப் போகும் விடியற்காலையில் அல்ல, முந்தைய நாளே செய்துவிடுங்கள்.