மெத்தை வேலி

கோட்டின் கைநுனியில் வரிசையாகப் பொத்தான்கள் தைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அவற்றைக் கழற்றிக் கையை மடித்துக்கொள்ள முடிந்தது. இன்று பெரும்பாலான கோட்டுகளில் அவற்றுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் தையற்காரர் விடாமல் தைத்துக்கொண்டிருக்கிறார். காரணம் போன பிறகும் காரியம் நிற்பது உலக வழக்கம். அதனால் பெரும்பாலும் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் அப்படிக் காரணம் இழந்து நின்ற ஒரு பொருள் பச்சைக் குழந்தைகளின் மூச்சை நிறுத்திய கதை ஒன்று உண்டு. அது அமெரிக்க தேசத்துக் கதை.

அங்கே கைக்குழந்தையை நம்மைப் போலத் தூளியில் போடுவதில்லை. நான்கு புறமும் மர அழி அடைத்த சிறு கட்டிலில் கிடத்துகிறார்கள். 'கிரிப்' என்று அதற்குப் பெயர். பார்ப்பதற்குக் கொஞ்சம் கூண்டு மாதிரிதான் இருக்கும். அந்த அழிகளின் உட்புறத்தில் சுற்றிலும், ஏறக்குறைய ஒரு சாண் உயரத்துக்கு, பஞ்சு திணித்த மெத்தை போன்ற பட்டையை நாடாவால் கட்டிவைப்பது பல தலைமுறைகளாக வழக்கமாக இருந்தது. மோட்டார் வண்டிக்கு முன்னும் பின்னும் இருக்கிறதே, அதே 'பம்பர்' என்ற பெயர்தான் இதற்கும். முட்டினால் அடி படாது என்பது பொருள். நாம் இதை மெத்தை வேலி என்று சொல்லலாம்.

இந்த வேலி வெறும் ஆடம்பரத்துக்காகப் பிறந்ததல்ல. பழைய தொட்டில்களில் ஓர் அழிக்கும் மற்றோர் அழிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதற்குச் சட்டம் ஏதும் இல்லை. தச்சன் வைத்ததே அளவு. இடைவெளி அகலமாக இருந்தால் குழந்தையின் கால் முதலில் நுழையும். பின்னாலேயே இடுப்பும் நழுவிப் போய்விடும். தலை மட்டும் போகாது. மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த இடைவெளியை மூடத்தான் தாய்மார்கள் மெத்தை வேலி கட்டினார்கள். அந்த நாளில் அது புத்திசாலித்தனமான காரியமே.

1973-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒரு விதி வகுத்தது. 1974 முதல் அது அமுலுக்கு வந்தது. அழிகளின் இடைவெளி இரண்டேகால் அரைக்கால் அங்குலத்துக்கு மேல் கூடாது. 6 சென்டிமீட்டர், அதாவது சுமார் மூன்று விரற்கடைதான் இருக்கலாம் என்றது அந்த விதி. அந்தச் சந்தில் பிறந்த குழந்தையின் உடலும் நுழையாது. மெத்தை வேலி செய்துவந்த வேலையைத் தச்சனே முடித்துவிட்டான். இனி அது விடைபெற்றுக்கொண்டு போயிருக்க வேண்டும்.

போகவில்லை. பாட்டி காலத்துத் தொட்டில்கள் பல வீடுகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருந்தன என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதன் அழகு. முயலும் நட்சத்திரமும் பூவும் அச்சிட்ட வேலியைப் போர்வைக்கும் விரிப்புக்கும் பொருத்தமாகச் சேர்த்து ஒரே கட்டாகக் கடைகளில் விற்றார்கள். பிள்ளை பிறக்குமுன் நடக்கும் விருந்தில் சிநேகிதிகள் அதை வாங்கிப் பரிசளித்தார்கள். வெறும் கட்டையைப் பார்க்கத் தாய்க்கு மனம் பொறுக்குமா? பிஞ்சுத் தலை மரத்தில் இடித்தால்? இந்த ஒரு கேள்வியே வியாபாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

இதற்கிடையில் வைத்திய உலகம் வேறொரு பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தது. டாக்டர் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல் லட்சக்கணக்கான வீடுகளில் வேதமாக இருந்தது. 1950-களின் பதிப்பு முதல் அது குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதே நல்லது என்று சொல்லிவந்தது. மல்லாந்து கிடந்தால் கக்கியதே புரையேறிவிடும் என்ற பயம். ஆனால் நோய் நொடி இல்லாமல் தூக்கத்திலேயே இறந்துபோன சிசுக்களின் கணக்கைப் பார்த்தபோது உண்மை நேர்மாறாக இருந்தது. 1992-இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் குப்புறப் போடாதீர்கள் என்றது. 1994-இல் அதையே நாடு முழுவதும் பிரசாரம் செய்தார்கள். சில ஆண்டுகளில் அவ்வகை மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

முகத்துக்கு அருகில் மிருதுவான பொருள் இருந்தால் என்ன நேரும் என்பதையும் அதே காலத்தில் ஆராய்ந்தார்கள். செயிண்ட் லூயி நகரத்து டாக்டர் பிராட்லி தாச் அவர்களில் ஒருவர். மூக்கு மெத்தையில் அழுந்தினால் காற்று அடியோடு நின்றுவிட வேண்டுமென்பதில்லை. குழந்தை விட்ட மூச்சு அந்தப் பஞ்சிலேயே தங்கிவிடுகிறது. கெட்டுப்போன அதையே குழந்தை மறுபடி மறுபடி இழுக்கிறது. பெரியவர்களானால் திமிறி எழுவார்கள். சில மாதக் குழந்தைக்கு அப்படித் தப்பித்துக்கொள்ளப் பல சமயம் முடிவதில்லை.

தாச்சும் அவருடைய கூட்டாளிகளும் 2007-இல் மெத்தை வேலியைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1985 முதல் 2005 வரை பதிவான மரணங்களில் 27 இந்த வேலியால் நேர்ந்தவை என்று கண்டார்கள். 11 குழந்தைகளின் முகம் வேலியில் அழுந்தியிருந்தது. 13 குழந்தைகள் வேலிக்கும் வேறொரு பொருளுக்கும் நடுவே சிக்கியிருந்தன. 3 குழந்தைகளின் கழுத்தில் கட்டும் நாடா சுற்றியிருந்தது.

ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் குழந்தைகள் பிறக்கும் தேசத்தில் 21 ஆண்டுகளில் 27 என்பது சிறு எண்தானே என்று சொல்லலாம். வேலி விற்றவர்களும் தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொன்னார்கள். தொட்டிலில் தலையணையும் பொம்மையும் கிடந்தால் வேலி என்ன செய்யும்? வேலி இல்லாவிட்டால் கை கால் அழியில் மாட்டிக்கொள்ளாதா? இரண்டும் கேட்கத் தக்க கேள்விகளே. பின்னால் வந்த ஆராய்ச்சி 2012 வரை 48 மரணங்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வேறு பொருளின் துணையின்றி வேலியால் மட்டுமே நேர்ந்தவை. கை கால் மாட்டிக்கொள்வதோ பெரும்பாலும் கன்றிப்போவதோடு முடிகிற விஷயம். அழியில் முட்டிய குழந்தை வீரிட்டு அழும். தாய் ஓடிவந்து எடுத்துக்கொள்வாள். மெத்தையில் மூச்சு அடங்குகிற குழந்தை அழுவதில்லை. அடுத்த அறையில் இருப்பவளுக்கு ஒன்றும் கேட்பதில்லை. எண் சிறியதா பெரியதா என்பதைவிட இந்த வேறுபாடே முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

ஆயினும் சட்டம் ஆமை வேகத்தில்தான் வந்தது. 2005-இல் வைத்தியர் சங்கம், கட்டுவதானால் மெல்லியதாகவும் இறுக்கமாகவும் கட்டுங்கள் என்று பாதி மனத்தோடு சொன்னது. 2011-இல்தான் கட்டவே வேண்டாம் என்றது. அதே ஆண்டு சிகாகோ நகரம் விற்பனையைத் தடுத்தது. 2013-இல் மேரிலாந்து மாகாணமும், பிறகு ஒஹையோவும் நியூயார்க்கும் தொடர்ந்தன. தேசம் முழுவதற்குமான சட்டத்தில் 2022 மே மாதம் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்டார்; நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பஞ்சில்லாத வலைத் துணிக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. வேலியின் தேவை 1974-இல் தீர்ந்தது. வேலி ஒழிய மேலும் 48 ஆண்டுகள் பிடித்தன.

இந்தக் கதையில் கொடியவர் என்று யாரையும் எளிதில் காட்டிவிட முடியாது. வாங்கியவள் அன்பினால் வாங்கினாள். கொடுத்தவள் ஆசையோடு கொடுத்தாள். கண்ணுக்குத் தெரிந்த கட்டைக்குப் பயந்தவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத காற்று நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இப்போது நம் நகரங்களிலும் அழி அடைத்த தொட்டில்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றோடு முயல் படம் போட்ட மெத்தை வேலியும் வந்திருக்கிறது. வைத்தியர்கள் கேட்பதோ மிகக் குறைவு: அமுங்காத சமமான மெத்தை, இறுக்கமாக இழுத்துப் போட்ட ஒரு விரிப்பு, மல்லாந்து படுத்த குழந்தை. வேறொன்றும் வேண்டாம். பார்ப்பதற்குத் தொட்டில் வெறிச்சென்றுதான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.