ஐந்து கலங்களின் ஆயுள்: மோட்டார் ஹாசல்பிளாட்டும் நிக்கல்-காட்மியமும்

1957இல் வெளிவந்த ஹாசல்பிளாட் 500சி கேமராவுக்கு மின்சாரம் தேவையில்லை. பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் படச்சுருள் நகரும், ஷட்டரும் ஆடியும் அடுத்த படத்துக்கு ஆயத்தமாகும். அதே சுவீடன் நிறுவனம் 1965இல் கொணர்ந்த 500ஈஎல், இவ்வேலையை ஒரு சிறு மின்மோட்டாரிடம் ஒப்படைத்துக் கைப்பிடியை நீக்கியது. அன்று முதல் மின்கலத்தின் ஆயுளே கேமராவின் ஆயுளாயிற்று. 1969இல் நிலவில் ஆம்ஸ்ட்ராங்கின் மார்பில் பொருத்தப்பட்டிருந்தது இக்கருவியின் மாற்றியமைக்கப்பட்ட வடிவமே. (எடையைக் குறைக்கும் பொருட்டுப் படச்சுருள் பேழை மட்டும் பூமிக்குத் திரும்பியது, கேமரா அங்கேயே கிடக்கிறது.)

அதற்குள் இருந்தது நிக்கல்-காட்மியம் மின்கலம். வால்டமார் யுங்னர் 1899இல் சுவீடனில் உருவாக்கிய இம்மின்கலம், மின்னேற்றத்தின்போது வாயுவை வெளிவிட்டதால் நெடுங்காலம் திறந்த கலமாகவே இருந்தது. நேர்முனையில் தோன்றும் ஆக்சிஜனை எதிர்முனையே உள்வாங்கிக்கொள்ளும் முறை 1947இல் கைகூடியபின் கலத்தை முற்றிலும் மூடி அடைக்க முடிந்தது. நுட்பமான கருவியொன்றின் வயிற்றுக்குள் காரக் கரைசலை வைக்கும் துணிவு அதன்பிறகே வந்தது. 500ஈஎல்லில், பொத்தான் வடிவக் கலங்கள் ஐந்தை அடுக்கிய உருளை பயன்பட்டது. கலத்துக்கு 1.2 வோல்ட் வீதம் மொத்தம் 6 வோல்ட்.

இன்று இக்கருவி ஓடாவிட்டால் 'நினைவு விளைவு' என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் இது தவறான நோயறிதல். முழுதும் மின்னேற்றிய உருளை 4.8 வோல்ட்டில் நின்றுவிட்டால், ஒரு கலம் உள்ளுக்குள் குறுக்குச்சுற்றாகிவிட்டது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். நாட்பட்ட கலத்தில் காட்மியம் மெல்லிய இழைகளாக வளர்ந்து, முனைகளைப் பிரிக்கும் தடுப்பை ஊடுருவிவிடுகிறது. உயர்மின்னோட்டத்தை ஒரு கணம் செலுத்தி இழையை எரிப்போர் உண்டு. கலம் உயிர்பெற்றதுபோல் தோன்றும், பின்னர் இழை மீண்டும் வளரும். முனைகளில் படியும் வெண்பொடி வேறு கதை: கசிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாக மாறியிருக்கிறது. வினிகர் தோய்த்த பஞ்சால் துடைத்தால் அது நீங்கும். ஆனால் கம்பியின் உறைக்குள் ஏறிவிட்ட காரத்தைப் பஞ்சு எட்டாது. கலத்தைப் பிளந்து பார்க்கும் ஆவல் மட்டும் வேண்டாம். ஜப்பானின் ஜின்சூ ஆற்றங்கரை மக்களின் எலும்புகளை நொறுங்கச் செய்த இத்தாய்-இத்தாய் நோய்க்குக் காரணமான உலோகம் காட்மியமே.

அந்நச்சுத்தன்மையே இம்மின்கலத்தின் வரலாற்றையும் முடித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு ஆணை, சில விலக்குகள் நீங்கலாக, கையடக்க மின்கலங்களில் காட்மியத்தைக் கட்டுப்படுத்தியது. ஆயினும் 500ஈஎல்லின் இக்கட்டுக்குச் சட்டத்தைவிட வடிவமே பெரிய காரணம் எனலாம். அவ்வுருளை கடைத்தெருவில் கிடைக்கும் பொதுவான அளவினதன்று. 1988இல் வந்த 553ஈஎல்எக்ஸ் சாதாரண டபுள்-ஏ கலங்கள் ஐந்தை ஏற்றது. வேதியியல் மாறினாலும் அந்த அளவு மாறவில்லை. ஆகவே நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலங்களோடு அது இன்றும் ஓடுகிறது. மூத்த உடன்பிறப்போ, 9 வோல்ட் மின்கலத்தைப் பொருத்தும் தனியார் தகவிகளை நம்பி வாழ்கிறது. அன்றைய மின்னேற்றிகள் தாமாக நிற்பவையல்ல என்பதால், புதுவகைக் கலங்களை, குறிப்பாக லித்தியத்தை, அவற்றில் இணைப்பது ஆபத்து.

சேகரிப்புகளில் இத்தகைய கருவிக்குப் 'பழுது' என்று அட்டை எழுதுவது எளிது. அவ்வட்டையே பின்னர் அதைக் கழித்துக்கட்டுவதற்கும் சான்றாகிவிடும். எழுதுமுன் மின்கலப் பெட்டிக்குள் இருக்கும் சிறு உருகியை மல்டிமீட்டரால் சோதிப்பது நல்லது. மோட்டார் நலமாயிருக்க, அறுந்திருப்பது அந்த உருகியாகவே இருக்கலாம்.