கப்பல் சரக்கு வீட்டுப் பொருளானது: கங்கைகொண்டசோழபுரம் முதல் பெங்களூரு வரை சீனக் கலைப்பொருள்கள்

பெங்களூரின் புதிய அடுக்ககங்களில் நீல வெள்ளைப் பீங்கானும் அரக்குப் பூச்சுத் தடுப்புகளும் இடம்பெறும்போது, அவை அண்மையில் வந்த புதுமைகளாகவே பேசப்படுகின்றன. ஆனால் தென்னிந்திய இல்லத்துக்குள் சீனப் பொருள் நுழைந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அந்த நெடும்போக்கைத் தொல்லியல், வாணிபம், புழங்குபொருள் ஆகிய மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது. வீட்டின் தேவைக்கு விடையாக அமைந்த பொருளே இங்கே நிலைத்தது. அழகு மட்டுமே கொண்டது கடந்து போனது என்பதே இதன் முடிபு.

1. துறைமுகமும் மாளிகையும்

சோழத் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்தின் சோங் அரசவையை அடைந்தன. சுவான்சௌ துறைமுக நகரில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, தமிழ் வணிகர் அங்கே கோயில் எடுக்கும் அளவுக்கு வேரூன்றியிருந்ததைக் காட்டுகிறது. இந்த உறவின் சுவடுகள் நம் மண்ணிலும் உள்ளன. கங்கைகொண்டசோழபுரத்தின் மாளிகைமேட்டு அகழாய்வில் சீன மட்கலத் துண்டுகள் வெளிப்பட்டன. இராமநாதபுரம் மாவட்டப் பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இளம்பச்சை மெருகுக் கலங்களும் வெள்ளைப் பீங்கானும் பெருமளவில் கிடைத்தன.

கன்னட நாட்டிலும் இதே நிலைதான். விஜயநகரப் பேரரசின் தலைநகராயிருந்த ஹம்பியில் உயர்குடியினர் குடியிருப்பு என்று அறியப்படும் பகுதியில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. 1537இல் பெங்களூரை நிறுவிய கெம்பே கவுடர் அதே பேரரசுக்கு உட்பட்ட தலைவர். ஆகவே இந்நகரம் பிறந்தபோதே, அதன் மேலாட்சி மையத்தின் மாளிகைகளில் சீனக் கலங்கள் புழக்கத்தில் இருந்தன. எனினும் இக்கட்டத்தில் அவை செல்வர் உடைமைகள். எளிய வீடுகளை எட்டவில்லை.

2. தங்காமல் போன திரை

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மாளிகைகள் ‘கோரமண்டல் திரை’ என்ற மடக்குத் தடுப்பை விரும்பி வாங்கின. மரப்பலகைமேல் பல அடுக்குக் கருப்பு அரக்கு பூசி, அதைக் குடைந்து வண்ணம் நிரப்பிச் செய்த அது முழுக்கச் சீனக் கைவினை. கிழக்கிந்தியக் கம்பெனிகள் அதைக் கப்பல்களில் சோழமண்டலக் கரை வழியாக அனுப்பியதால் கரையின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. நம் கரையில் இறங்கி ஏறிய அந்தத் திரை நம் வீடுகளில் பரவவில்லை. திண்ணை, முற்றம், இரண்டாம் கட்டு என்று சுவரும் தூணுமே இடத்தைப் பகுத்துத் தந்த வீட்டில் மடக்குத் திரைக்கு வேலை இருக்கவில்லை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

3. வேரூன்றிய ஜாடி

சீன ஜாடியின் வரலாறு இதற்கு நேர்மாறானது. குறுகிய கழுத்து, அகன்ற வயிறு, தோள்பட்டையில் கயிறு கோக்கச் சிறு காதுகள், உள்ளும் புறமும் மெருகு. ஊறுகாயின் உப்பும் புளிப்பும் பித்தளையில் களிம்பேற்றும். மெருகில்லாத மண்பானையில் எண்ணெய் கசியும். மெருகேறிய ஜாடி இவ்விரு குறையையும் ஒருங்கே தீர்த்தது. வாயில் வெள்ளைத் துணி கட்டிய அந்த ஜாடி, சீனத்திலிருந்து வந்தது என்ற நினைவே இல்லாமல் நம் சமையலறைப் பொருளாயிற்று.

செட்டிநாட்டில் இது சீர்வரிசையிலும் சேர்ந்தது. பர்மா, மலேயா வாணிபத்தில் பொருளீட்டிய நகரத்தார், பர்மியத் தேக்கும் ஜப்பானியப் பூவோடும் கொண்டு கட்டிய வீடுகளில் ஜாடிகளை வரிசையாக அடுக்கினர். பினாங்கின் சீன வம்சாவளி வீடுகளிலும் நடுவே வான்பார்த்த முற்றமும் சுவரில் அதே வகைப் பூவோடுகளும் உண்டு. ஒரே கடல் வாணிபம் இரு சமூகங்களுக்கும் பொருள் வழங்கியது. அதை எங்கே வைப்பது என்பதை அவரவர் வீட்டு வழக்கம் தீர்மானித்தது. பின்னர் ராணிப்பேட்டையிலேயே ஜாடிகள் உற்பத்தியாயின.

4. பெங்களூரின் பங்கு

பெங்களூருக்குப் பீங்கான் வேறொரு வழியிலும் வந்தது. சிவனசமுத்திர நீர்மின்சாரம் 1905இல் பெங்களூரின் தெருவிளக்குகளை ஏற்றியது. மின்கம்பிகளைத் தாங்கப் பீங்கான் காப்பான்கள் தேவைப்பட்டன. திவான் மிர்ஸா இஸ்மாயில் காலத்தில் மைசூர் அரசு இந்நகரில் பீங்கான் ஆலை நிறுவியது. அது பிற்காலத்தில் பாரத மிகுமின் நிறுவனத்தின் பிரிவாயிற்று. சீனம் உலகுக்குக் கற்றுத்தந்த தொழில்நுட்பம் இங்கே தொழில்நகரத்தின் கட்டுமானப் பொருளானது.

அரக்குக்கும் உள்ளூர் மரபு உண்டு. சீன அரக்கு மரத்தின் பால். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சன்னபட்டணத்து அரக்கோ பூச்சி சுரப்பது. சுழலும் கடைசல் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அது உருகிப் படரும். தாழை ஓலையால் தேய்த்ததும் மெருகு ஏறும். சீனச் சாயல் விரும்பும் இல்லம் கதவுக் கைப்பிடிக்கும் விளக்குத் தண்டுக்கும் சன்னபட்டணக் கைவினைஞர்களை நாடுவது வரலாற்றோடு இசைவான வழி.

முடிபு

பரண் இல்லாத இன்றைய அடுக்ககத்தில் ஜாடிக்கும் தடுப்புக்கும் இடம் மாறியுள்ளது. சுவர்கள் குறைந்த கூடத்தில், அன்று தங்காத திரைக்கு இன்று உண்மையான வேலை இருக்கிறது. ஜாடியோ பல வீடுகளில் காட்சிப்பொருளாகிவிட்டது. மரபுக் கலப்பின் வெற்றியை இந்தப் பயன்பாட்டு அளவுகோலால் மதிப்பிட வேண்டும். ஆனால் பயனை மதிப்பிடப் பொருளின் பின்னணி தெரிய வேண்டும். செட்டிநாட்டுக் காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேரும் ஜாடி, தன் குடும்ப வரலாற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறது. எவருடைய சீர், எந்த ஊர், எந்தப் பயன் என்பவற்றை விற்பனைக்கு முன்பே பதிவு செய்யும் பணியைப் பல்கலைக்கழகங்களும் குடும்பங்களும் இணைந்து உடனே தொடங்க வேண்டும். அந்தப் பதிவே இவ்வரலாற்றின் அடுத்த ஆய்வுக்கு அடித்தளம்.