வலையமைப்பு அச்சுப்பொறி இணைப்புக் கோளாறுகள்: பதுளையும் ஊவாத் தோட்டங்களும்

வலையமைப்பு அச்சுப்பொறி என்பது ரவுட்டரோடு வயர் மூலமோ வைஃபை மூலமோ இணைந்து, ஒரு கந்தோரிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக அச்சிட்டுத் தரும் பொறி. இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை நகரக் காரியாலயங்களிலும் பசறை, அப்புத்தளை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டக் கந்தோர்களிலும் இதைப் பொருத்தும்போது வரும் கோளாறுகள் உலகெங்கும் உள்ளவைதாம். மின்தடை, இடிமின்னல், பாமினி எழுத்துரு ஆகிய மூன்றும் அவற்றுக்கு ஓர் உள்ளூர்ச் சாயலைத் தருகின்றன.

முகவரி மாறுதல்

நேற்றுவரை ஓடிய பிரிண்டர் இன்று ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதன் ஐபி முகவரி. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5 போன்ற ஒரு முகவரியைத் தற்காலிகமாகவே கொடுக்கிறது. கரண்ட் போய்த் திரும்பியதும் சாதாரண ரவுட்டர்கள் பல, யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை மறந்துவிடும். பிரிண்டர் சூடேறி எழும்புவதற்குள் யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசி அந்த 5ஐ வாங்கிக்கொள்ளும். கணினியோ பழைய முகவரிக்கே அச்சு வேலையை அனுப்பிக்கொண்டிருக்கும். 2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு அமுலானது. அப்படிப்பட்ட நாட்களில் இந்தக் கோளாறுக்கு அளவே இராது.

இந்த இடத்தில் பலர் செய்வது டிரைவரை மறுபடி நிறுவுவது. அதனால் அன்றைக்கு மட்டும் வேலை நடக்கும். கணினியின் பிரிண்டர் பட்டியலில் ஒரே பெயர் ‘காப்பி 1’, ‘காப்பி 2’ என்று அடுக்கி நின்றால், அந்தக் கந்தோரில் மூலக் காரணத்தை எவரும் தேடவில்லை என்று தாராளமாக முடிவுசெய்யலாம்.

சரியான வழி வேறு. பிரிண்டரின் மெனுவிலிருந்து அமைப்புத் தாளை அச்சிட்டால் இப்போதைய முகவரி அதில் இருக்கும். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். வயரையோ வைஃபை கடவுச்சொல்லையோ பார்க்க வேண்டும். முகவரி ஒழுங்காக இருந்தால் கணினியிலிருந்து அதற்கு ‘பிங்’ அனுப்பிப் பார்க்கலாம். பதில் வந்தால் வலையமைப்பு நலம். அந்த முகவரியை ரவுட்டரிலேயே பிரிண்டரின் மேக் எண்ணுக்கு (பொறிக்கே உரிய அடையாள எண்) ஒதுக்கிவிட்டு, விண்டோஸில் டிசிபி/ஐபி போர்ட்டாகச் சேர்த்தால் (பெரும்பாலான பொறிகளுக்கு 9100ஆம் வாயில்) கரண்ட் எத்தனை தரம் போனாலும் கவலையில்லை. மாதம் 10ஆம் திகதித் தோட்டச் சம்பளத்துக்கு முந்திய நாள் வரை இதைத் தள்ளிப்போடுவது புத்தியன்று.

இடிமின்னல்

மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பிற்பகல் இடியோடு மழை வரும். செப்புத் தொலைபேசி வயர் வழியே வரும் மின்னழுத்தம் ரவுட்டரைத் தாண்டிப் பிரிண்டரின் வலையமைப்புப் பலகையையும் எரித்துவிடும். யுஎஸ்பி வயரில் நன்றாக ஓடும் பொறி வலையமைப்பில் மட்டும் ஊமையாகிவிட்டால், வயர் செருகும் துளையோரத்துப் பச்சை விளக்கைப் பாருங்கள். வயரை மாற்றியும், ரவுட்டரின் வேறு துளையில் செருகியும் எரியாவிட்டால் மென்பொருளைத் தோண்டுவது வீண்.

பகிர்ந்த பிரிண்டர்

ஒரு கணினியில் யுஎஸ்பியில் பூட்டி மற்றவற்றுக்குப் பகிரும் முறை மலிவானது, வம்பும் அதிகம். 2021இல் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபின், ஓகஸ்ட் மாத விண்டோஸ் புதுப்பிப்பு பகிர்ந்த பிரிண்டரின் டிரைவர் நிறுவலுக்கு நிர்வாகி உரிமை கேட்டது. செப்டெம்பர் புதுப்பிப்புக்குப் பிறகு ‘11பி’ என முடியும் பிழைக்குறி பரவலாக வந்தது. பகிரும் கணினி, அதன் வழியே அச்சிடும் கணினி இரண்டையும் முழுமையாகப் புதுப்பிப்பதே நல்ல தீர்வு. பாதுகாப்பைத் தளர்த்தும் ரெஜிஸ்ட்ரி மாற்றத்தைப் பலர் பரிந்துரைப்பதுண்டு. சம்பள விபரம் இருக்கும் கணினியில் அது வேண்டாம்.

குப்பை எழுத்துகள்

தாளுக்கு ஒரு வரியாகக் குப்பை கொட்டினால் டிரைவர் பொருந்தவில்லை. முதல் வரி சதவீதக் குறியும் வியப்புக்குறியுமாகத் தொடங்கினால், போஸ்ட்ஸ்கிரிப்ட் அறியாத பொறிக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் அனுப்பப்பட்டிருக்கிறது.

தமிழ்க் கடிதம் மட்டும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்தால் பிரிண்டர்மேல் குற்றமில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினியில் தட்டிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்திருக்கிறார்கள். சோதனைத் தாள் அச்சிட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். எழுத்துருவை உட்பொதித்துப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் பதுளையில் அச்சிட்டுத் தரும் கடையிலும் பிரச்சினை வராது.