டாக்கரையாவும் பெரிய துரையும்: ஊவாத் தோட்டங்களின் வைத்திய வரலாற்றில் ஒரு கேள்வி

பதுளையில் ஆஸ்பத்திரிப் பேச்சு வந்தால் கட்டிடத்தையும் கட்டிலையும் பற்றித்தான் பேசுவோம். "மெசின் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். நான் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற ஆசிரியன். வைத்தியம் என் துறையல்ல. ஆயினும், தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவன் என்ற முறையில் இவ்வரலாற்றைத் தேடியபோது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது: நோயாளி விஷயத்தில் கடைசிச் சொல் யாருடையது?

கோப்பிக் காலத்தில், 1872இல், மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. வைத்திய ஏற்பாட்டை அது துரைமார் குழுக்களிடமே விட்டது. ஆள் படுத்தால் நட்டப்படுபவரும் அவர்தான், வைத்தியச் செலவைச் சுருக்குபவரும் அவர்தான். ஏற்பாடு சரிவரவில்லை. 1880இல் சட்டம் மாறி, பொறுப்பு அரசாங்கத்திடம் போனது.

அப்போது இலங்கையின் தலைமை வைத்திய அதிகாரியாக இருந்தவர் வில்லியம் கின்சி. தொழிலாளரை வெளிறச் செய்து கொன்ற சோகையை 'பெரிபெரி' என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அதற்குக் கொக்கிப்புழுவே காரணம் என 1887இல் அறிக்கை எழுதினார். காரணம் தெரிந்துவிட்டது, காரியம் நடக்கவில்லை. ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு மாத்தளைத் தோட்டங்களில் புழு ஒழிப்பு தொடங்கியது 1916இல்தான். இடையில் 29 வருடங்கள்! அப்போதும் மருந்து கொடுப்பது இலகுவாக இருந்தது. கக்கூஸ் கட்டுவதோ துரையின் கணக்கில் செலவு. கக்கூஸ் இல்லாத லயங்களில் புழு திரும்பவும் வந்தது.

1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் இன்னும் ஒரு படி போயின. பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பராமரிப்பும் துரையின் கடமையாயின. நல்ல சட்டம். ஆனால் லயத்தில் அதைக் கண்காணிக்க யார் இருந்தார்? தோட்டத்து டிஸ்பென்சர், மக்கள் வாயில் 'டாக்கரையா'. அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். காய்ச்சல்காரியை இன்று மலைக்கு அனுப்பலாமா என்பது வைத்தியக் கேள்வி. அவளுக்குப் பேர் விழுமா என்பது செக்ரோல் கேள்வி. இரண்டும் மோதினால் டாக்கரையாவின் சொல் துரையின் சொல்லுக்குக் கீழேதான். அறிவு அவரிடம், அதிகாரம் வேறிடத்தில். தனிமனிதரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏற்பாடே அப்படி.

1972, 1975 நிலச் சீர்திருத்தங்களும் 1992இல் கம்பனிகள் வந்ததும் துரையின் எசமானை மாற்றின. டாக்கரையாவின் இடத்தை அல்ல. 1990களில் தொடங்கித்தான் அரசாங்கம் தோட்ட ஆஸ்பத்திரிகளை ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்றது. அந்த வேலை இன்னும் முடியவில்லை.

அதிகாரமும் அறிவும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு கொழும்பு காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரி சாட்சி. பணிப்பாளர் டொக்டர் விமல் கரந்தகொட, 2000ஆம் ஆண்டளவில், ஜப்பானியத் தொழிற்சாலைகளின் ஐந்து ஒழுங்கு முறையை அங்கே புகுத்தினார்: வேண்டாததை அகற்று, உள்ளதை வரிசைப்படுத்து, துப்புரவாக்கு, நியமமாக்கு, பழக்கமாக்கு. சிற்றூழியரும் குழுவாக இருந்து யோசனை சொன்னார்கள். 2007 முதல் ஜப்பான் அந்த அனுபவத்தை ஆபிரிக்க நாடுகளுக்கு எடுத்துச் சென்றது. மூலதனம் மெசின் அல்ல. அடித்தட்டு ஊழியரின் பேச்சைக் கேட்கும் தலைமை.

ஊவாவுக்கும் இதுவே பொருந்தும். நமது ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழைய தோட்ட டிஸ்பென்சரிப் பதிவேடுகள் எங்கேனும் மிஞ்சியிருந்தால், கறையான் தின்னுமுன் படியெடுங்கள். யார் எப்போது மருந்துக்கு வந்தார், யார் வராமலே செத்தார் என்பதைச் சொல்ல வேறு சாட்சி நமக்கில்லை.